ஜலமும் பாஷாணமும்: கிரயப் பத்திரச் சொற்களின் பொருள்

திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தது 2019ஆம் ஆண்டில்தான் என்றாலும், அம்மாவட்டத்து வீடுகளின் பீரோக்களில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பழைய கிரயப் பத்திரங்களின் மொழி அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பாதி வடமொழியும் பாதி பாரசீகமுமாக ஓடும் அந்த வாசகத்தைப் பத்திர எழுத்தர் வேகமாகப் படித்துக்காட்ட, விற்றவரும் வாங்கியவரும் பெரும்பாலும் பொருள் விளங்காமலே கையெழுத்திட்டனர். ஆயினும் அச்சொற்கள் அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல.

பாரசீகம் இங்கே இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. ஆம்பூர்ப் பக்கம் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. 1749இல் நவாப் அன்வருத்தீன் கான் போரில் மாண்டதும் ஆம்பூரில்தான். பாராமகால் என்னும் பகுதியைச் சேர்ந்த திருப்பத்தூரோ ஹைதர், திப்பு ஆகியோரின் மைசூர் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அப்பகுதிக்கு நிர்வாகியாக வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இடைத்தரகரை விலக்கி உழவரிடமே வரியை முடிவு செய்யும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்டபோது, முறையைத்தான் மாற்றினார்களே தவிரச் சொற்களை மாற்றவில்லை. ரயத் என்னும் சொல்லே முதலில் ஆளப்படும் குடியைக் குறித்து, பிறகு உழவரைக் குறிக்கலாயிற்று. தவணையைக் குறித்த ‘கிஸ்தி’ நிலவரிக்கே பெயராயிற்று. வசூலைக் குறித்த ‘தாசில்’ என்பதிலிருந்து தாசில்தார் வந்தார்.

பழைய ஆவணங்களைப் படிப்பவரை முதலில் தடுக்கும் சொல் பசலி. அறுவடை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த இது, சந்திரனைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்து விளைச்சல் காலத்தோடு ஒட்டாமல் போனதால், வரி வசூலுக்கென்று அக்பர் காலத்தில் வகுக்கப்பட்ட ஆண்டுக்கணக்கு. தமிழ்நாட்டில் ஜூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். ஆகவே ‘பசலி 1360’ என்று கண்டால் அது 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை எனக் கொள்ளலாம். அந்த ஆண்டுக் கணக்கைத் தாலுகா அலுவலகத்தில் சரிபார்த்து முடிப்பதே ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்று அரசு தமிழ்ப்படுத்திய பின்னும், மனுவோடு செல்லும் மக்களின் வாயில் இருப்பது பழைய சொல்தான்.

சில சொற்கள் வழியில் பொருளையே மாற்றிக்கொண்டன. உடன்பாட்டுப் பத்திரம் என்று பொருள்படும் ‘ராஜிநாமா’, வழக்காடிய இருவரும் சமாதானமாகி நீதிமன்றத்தில் கொடுக்கும் எழுத்தாக இருந்து, இன்று பதவி விலகலைக் குறிக்கிறது. ‘ராஜியாகப் போய்விட்டார்கள்’ என்னும் பேச்சில் மட்டும் பழைய பொருள் உயிரோடிருக்கிறது. நிலத்தைக் குறிக்கும் ஜமீன் பாரசீகம், பிணை நிற்பதைக் குறிக்கும் ஜாமீன் அரபு. ஒரு கால் மட்டுமே வேறுபடும் இவ்விரண்டுக்கும் உறவு ஏதுமில்லை. அலுவலகத்தைக் குறித்த கச்சேரி சங்கீத மேடைக்கே போய்விட்டது.

சக்குபந்தி எனப்படும் நான்கெல்லைப் பகுதியில்தான் தவறு நேர்வதற்கு இடம் அதிகம். ‘ஏரிக்கரைக்கு மேற்கு’ என்று பத்திரம் சொன்னால், விற்கப்படும் நிலம் கரைக்கு மேற்கே உள்ளது என்பதே, அதாவது நிலத்தின் கிழக்கெல்லை ஏரிக்கரை என்பதே பொருள். இதை ‘மேற்கில் ஏரிக்கரை’ என்று படித்துவிட்டால் நிலம் கரையின் மறுபுறத்துக்கே மாறிவிடும். இடையிடையே வரும் ௸ என்னும் குறி ‘மேற்படி’ என்பதன் சுருக்கம். அதைக் கோடும் கிறுக்கலுமாகக் கருதித் தாண்டிச் செல்பவருக்கு எந்தச் சர்வே எண், யாருடைய பங்கு என்பது பிடிபடாது.

இவை எல்லாவற்றிலும் பழையது, ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண’ என்று மந்திரம்போல் தொடங்கும் தொடர். விஜயநகரச் செப்பேடுகளில் அஷ்டபோகம் எனப்பட்ட எட்டு உரிமைகளே, மரத்தைக் குறிக்கும் தரு இடையில் சேர்ந்து, பத்திரத்துக்கு வந்தன. நிதி என்பது புதையல், நிட்சேபம் வைத்துப் பாதுகாத்த பொருள், ஜலம் நீர், அட்சீணி குறையாது நின்று தரும் பயன், ஆகாமி இனி வரப்போவது, சித்தம் ஏற்கெனவே கைகூடியது, சாத்தியம் முயன்றால் கைகூடக்கூடியது. பேச்சுத்தமிழில் நஞ்சைக் குறிக்கும் பாஷாணம் இங்கே வெறும் கல்லையும் கனிமத்தையுமே குறிக்கிறது.

ஆனால் பாலாற்றங்கரையில் அச்சொல்லின் இரு பொருளும் நெருங்கிவிட்டன என்றே சொல்லத் தோன்றுகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மைய மதிப்பீடு வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நிலத்தோடு ஜலத்தையும் சாசுவதமாக வாங்கியவர் அந்த உரிமையை விற்றவரிடம் கேட்கலாமே தவிர, நீரைக் கெடுத்த மூன்றாமவரிடம் கேட்க அத்தொடர் போதவில்லை. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பில், கேடு உறுதியாகும் வரை காத்திராமல் தடுக்கும் முன்னெச்சரிக்கை நெறியும், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, பாதிக்கப்பட்ட நிலத்துக்கு இழப்பீடு கேட்க வழி பிறந்தது.