ஆசிரியர்களின் சோர்வு: ஊதியப் பட்டியலில் தொடங்கும் அநீதி

மறைமலை நகர் முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையிலான தொழிற்சாலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஓர் ஊதியம். அருகில் நின்று அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறோர் ஊதியம். இத்தொழிலாளர்களின் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளிலும் இதே பாகுபாடு நிலவுகிறது. ஆசிரியர்களின் விரக்திக்கு யோகாவும் மனநலப் பயிற்சியும் தீர்வென்போர் முதலில் ஊதியப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை ஊதியம் ரூ.8,370. மறுநாள் முதல் பணியேற்றவருக்கு ரூ.5,200. ஒரே தகுதி, ஒரே பணி. ஆனால் ஒரு நாள் இடைவெளியில் ரூ.3,170 வேறுபாடு. பாதிக்கப்பட்டோர் சுமார் 20,000 பேர். 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் அவர்கள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். 2023 ஜனவரி 1 அன்று முதலமைச்சர் மூவர் குழுவை அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர்கள் மீண்டும் உண்ணாநிலையில் அமர நேர்ந்தது.

இவர்களுக்கும் கீழே இன்னொரு படி உண்டு. 2022இல் 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு அறிவிக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் ரூ.7,500. அண்ணல் அம்பேத்கர் சாதியமைப்பில் கண்ட படிநிலைச் சமத்துவமின்மையின் சாயலை நாம் ஆசிரியர் அறையிலும் காண்கிறோம்.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அரசின் நெறியாக வகுத்துள்ளது. நிரந்தரப் பணியாளரின் கடமைகளையே செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு, அப்பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையேனும் வழங்க வேண்டும் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது.

தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த ஆசிரியர்களை எதிர்த்துச் சட்டப் போராட்டம் நடத்தும் நாம் ஏன் ஆசிரியர்களுக்காகப் பேச வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். சோர்வு ஒருபோதும் சாதி வன்மத்திற்கு மன்னிப்பாகாது. அவ்வழக்குகளில் நமக்குச் சமரசமில்லை. ஆனால், தொகுப்பூதிய ஆசிரியர் கல்வியாண்டின் நடுவே வேறு வேலை தேடிச் சென்றால், வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு இழப்பில்லை. அவர்கள் தனியார் பள்ளியில் இருக்கிறார்கள். ஆசிரியரின்றி அமர்ந்திருப்போர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் பயிலும் நம் பிள்ளைகளே.

எனவே, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் காலிப் பணியிடங்களை முதலில் நிரந்தரமாக நிரப்புவதும், 2009இன் ஊதிய முரண்பாட்டைக் களைவதும் ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. அவை நம் பிள்ளைகளின் கல்வி உரிமைக் கோரிக்கைகள்.