ஆண்டுச் சராசரிக்குள் அடங்காத அலை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தென்மேற்கு மூலையில், கொலம்பியா ஆறு கடலோடு கலக்குமிடத்தில் பசிபிக் கவுண்டி என்னும் ஊரக மாவட்டம் உள்ளது. ஏறத்தாழ 23,000 பேர் வாழும் அம்மண்ணில் சிப்பி வளர்ப்பும் மீன்பிடிப்பும் மரத்தொழிலும் முதன்மையானவை. குளிர்காலப் புயலும் வெள்ளமும் அங்குப் புதியன அல்ல. வில்லாப்பா விரிகுடாவின் வடபுறத்தைக் கடல் ஆண்டுக்குச் சராசரியாக 30 மீட்டருக்கும் மேலாக அரித்து, ஒரு கலங்கரை விளக்கத்தையும் வீழ்த்தியது. இத்தகைய மாவட்டத்தின் பேரிடர் வாய்ப்பை எங்ஙனம் அளப்பது?

அளவை முறை எளியது. தீங்கு நிகழும் வாய்ப்பு, அதன் வழியில் உள்ள உயிரும் உடைமையும், அவை சேதமுறும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஆண்டுதோறும் எதிர்பார்க்கத்தக்க இழப்பு பண மதிப்பில் கிடைக்கும். அந்நாட்டு நடுவண் பேரிடர் மேலாண்மை முகமை 18 வகை இயற்கை இடர்களுக்கு இவ்வாறே கணக்கிட்டு மாவட்டங்களை ஒப்பிட்டது. ஆயினும் மக்களும் கட்டடங்களும் குறைந்த ஊரகத்தில் இத்தொகை சிறுத்தே தோன்றும். பழைய பதிவுகளை மட்டும் நம்பும் கணக்கில், நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வரும் தீங்கு இடம்பெறாமலே போகலாம்.

இம்மாவட்டத்தில் அந்தக் குறை பெரிது. நாடாய்வாளர்களான லூயிசும் கிளார்க்கும் தம் குழுவோடு இக்கரையை எட்டியது 1805ஆம் ஆண்டில். எழுத்துப் பதிவு அரிதான அதற்கு முந்தைய வரலாற்றை மண்ணே வைத்திருக்கிறது. நியாவியாக்கம் ஆற்றின் கரையை ஓதம் வற்றிய வேளையில் பார்த்தால், கரிய சதுப்பு மண் ஒரு பட்டையாகத் தெரியும். அதன்மேல் மெல்லிய மணல். மணலுக்கு மேல் சாம்பல் நிறச் சேறு. புல் வளர்ந்த நிலம் நொடிப்பொழுதில் தாழ்ந்ததையும், அலை மணலை வாரியிறைத்ததையும், பின்னர் ஓதச்சேறு படிந்ததையும் அம்மூன்று அடுக்குகளிலிருந்து நிலவியலாளர் பிரையன் ஆட்வாட்டர் 1980களில் படித்தறிந்தார். உப்புநீரில் மாண்ட செந்தேவதாரு மரங்களின் கடைசி ஆண்டு வளையம் 1699ஆம் ஆண்டுக்குரியது. நிலம் அதிராமலே ஜப்பானியக் கரையில் ஏறிய ஓர் அலையைப் பற்றிய ஏடுகளைக் கொண்டு, கெஞ்சி சட்டாகேவும் உடனாய்வாளரும் அந்நிலத்தைத் தாழ்த்திய நிலநடுக்கத்தின் நாளையே கணித்தனர்: 1700 சனவரி 26, இரவு ஏறத்தாழ 9 மணி. அதன் அளவு 9ஐ ஒட்டியது.

ஆழ்கடற் படிவுகளோ, கடந்த 10,000 ஆண்டுகளில் இத்தகைய பெருநடுக்கங்கள் ஏறத்தாழ 19 முறை நிகழ்ந்ததைக் காட்டுகின்றன. சராசரி இடைவெளி 500 ஆண்டுகள் எனக் கொண்டால், ஓர் ஆண்டில் அது நிகழும் வாய்ப்பு ஐந்நூறில் ஒன்று. புறக்கணிக்கத்தக்க எண்ணாகவே படும். ஐம்பது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் அதுவே ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிறது. ஒரு வீட்டின் ஆயுளுக்குள் அடங்கும் இவ்வாய்ப்பை எவரும் சிறிதென்னார்.

இனி, காலத்தை அளக்க வேண்டும். நடுக்கத்தின் பின் முதல் பேரலை வெளிக்கரையை எட்ட அரைமணி நேரமும் ஆகாது. மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் இருபது நிமிடத்தில் கடப்பது 1,300 மீட்டரே. இம்மாவட்டத்தின் லாங் பீச் தீபகற்பமோ 40 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட தாழ்மணல் திட்டு. குன்றுகள் அதன் தென்முனையில் மட்டுமே உள்ளன. வாஷிங்டனில் முதியோர் விகிதம் மிகுந்த மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. சாலை பிளந்து, மணல் இளகி, பாலம் சரிந்தால் அந்த 1,300 மீட்டரும் குறையும்.

இவ்வாறு அளந்தால் தீர்வும் புலப்படும். உயரத்தை எட்ட மக்களால் இயலாத இடத்தில் உயரத்தை எழுப்புவதே வழி. இம்மாவட்டத்தின் டோக்லாண்டில் ஷோல்வாட்டர் விரிகுடாப் பழங்குடியினர் 2022ஆம் ஆண்டில் நானூறு பேர் ஏறி நிற்கத்தக்க கோபுரம் ஒன்றைத் திறந்தனர். நடுவண் நிதியும் அதற்கு உதவியது. ஓர் ஊரகத்தின் இடர் மதிப்பீட்டில் இழப்புத் தொகைக்கு முன்பாக நிற்க வேண்டிய எண், உரிய நேரத்துக்குள் மேட்டை அடைய இயலாதோர் தொகையே. ஒவ்வொரு கோபுரமும் அதை எவ்வளவு குறைக்கிறது என்பதைக் கொண்டே அடுத்ததன் இடத்தை முடிவு செய்தல் தகும்.