காதலாவது, வெங்காயமாவது!

"காதலாவது, வெங்காயமாவது!" - எரிச்சல் மேலிட்டால் நம்மவர் வாயிலிருந்து எளிதாக வந்து விழும் சொல் இது. ஒன்றுக்கும் உதவாததைச் சுட்ட வெங்காயத்தை இழுப்பது மேடைக்கும் வழக்கம், திண்ணைக்கும் வழக்கம். ஆனால், பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்பவர் சற்றே அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வது நல்லது! அந்த வட்டாரத்திலே சின்ன வெங்காயம்தான் வாழ்வு. மகளின் கல்லூரிக் கட்டணமும், மகனின் வண்டித் தவணையும், ஒழுகுகிற கூரையும், பட்டறையிலே காற்றாடக் கிடக்கும் அந்தச் சரக்குக்கு என்ன விலை வரும் என்று காத்துக் கிடக்கின்றன. அங்கே வெங்காயம் அற்பமன்று. காதலும் அற்பமன்று; காதல் கதை படிப்பதும் அற்பமன்று என்பதே நான் சொல்ல வந்தது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வெங்காயத் தாள் அறுத்துக் கூலி வாங்கி வந்த தாய் அடுப்படியிலே. சங்கக் கூட்டம் முடிந்து வந்த தகப்பனார் திண்ணையிலே. உள்ளே, கல்லூரிக்குப் போகும் மகள் கையிலே ஒரு நாவல். இல்லையேல் கைபேசியிலே, பிரதிலிபி போன்ற செயலியில் தொடராக வரும் ஒரு காதல் கதை. கண்கள் சிவந்திருக்கின்றன. "வெங்காயம் உரிக்காமலே அழுகிறாள் பார், உன் மகள்!" என்று கேலி கிளம்புகிறது. கேலியோடு நின்றால் பாதகமில்லை. மறுநாள் புத்தகம் பரண் ஏறுகிறது, கைபேசி பறிபோகிறது. ஏனய்யா என்றால், "கெட்டுப் போவாள்!" என்று பதில் வருகிறது.

சொல்பவர் யார்? போன மாதந்தான் ஒரு சீர்திருத்தத் திருமணத்துக்குத் தலைமை தாங்கி, மணமக்கள் ஒருவரை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்த சிறப்பை அரை மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கியவர்! ஊரான் மகள் விரும்பினால் புரட்சி, தன் மகள் விரும்பியவர்களைப் பற்றிப் படித்தாலே கேடு! 1928-இல் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1967-இல் அத்தகைய திருமணத்துக்குச் சட்டமும் வந்தது. சட்டம் வாசற்படி வரை வந்துவிட்டது. அதற்குள்ளே நுழைய இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

இந்த அச்சம் நம் ஊரில் முளைத்ததன்று. ஜெர்மன் கவிஞர் கதே, கைகூடாக் காதலால் உயிரை மாய்த்துக்கொள்ளும் வெர்தர் என்ற இளைஞனின் கதையை 1774-இல் வெளியிட்டார். ஐரோப்பிய வாலிபர்கள் படித்துப் படித்து அழுதார்கள். அவன் அணிந்த நீலக் கோட்டையும் மஞ்சள் உள்சட்டையையும் தாங்களும் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். 1775-இல் லைப்சிக் நகர ஆட்சியினர் நூலையும் தடுத்தனர், உடையையும் தடுத்தனர்! நூல் ஒழிந்ததா? இரண்டரை நூற்றாண்டு கழித்தும் உயிரோடிருக்கிறது. அவனைப் பின்பற்றி உயிர்விட்டவர்களும் உண்டு என்று அந்நாளில் பேசப்பட்டது. இருக்கலாம். அழுகிற பிள்ளையைத் தனியே விடலாகாது என்பதற்கு அது காரணம். புத்தகத்தைப் பறிப்பதற்குக் காரணமாகுமா?

நம் நாட்டிலே வை.மு. கோதைநாயகி அம்மாள் இருந்தார். 1901-இல் பிறந்தவர், ஐந்து வயது தாண்டியதும் மணம் செய்து வைக்கப்பட்டவர். எழுதப் பழகாத நிலையில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுத, 'இந்திர மோகனா' என்ற நாடகம் உருவாயிற்று. பிறகு 115 நாவல்கள்! உன் விருப்பம் என்னவென்று எவரும் கேளாமலே மணையில் உட்கார்த்தப்பட்ட சிறுமி, வளர்ந்து, பெண் மனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். பெண்கள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். எதை ஒளிக்க நேர்கிறதோ, அதிலே ஏதோ உண்மை இருக்கிறது என்றுதானே பொருள்?

1969-இல் 'ராணிமுத்து' வந்தது; முதல் இதழிலே அகிலனின் 'பொன்மலர்'. விலை ஒரு ரூபாய். பெரிய வீட்டு அலமாரியிலே கண்ணாடிக்குள் இருந்த நாவல், பேருந்து நிலையக் கடையிலே கயிற்றிலே தொங்கலாயிற்று. கூலிக்காரன் வாங்கினான், அவன் வீட்டார் படித்தார்கள். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்துவிட்டு, பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ரமணிசந்திரன் 150-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். எந்த விமர்சகரின் சீட்டும் இல்லாமலே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார். இவ்வளவு பேர் படிப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற அறிவாளிக் கூட்டத்தோடு எனக்கு உறவில்லை.

எனினும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும். நமது மாத நாவல்களில் பெரும்பாலானவற்றிலே காதலுக்குத் தடையாக வருவது எது? ஒரு தவறான எண்ணம், ஒரு பொறாமைக்கார அத்தை மகள், நாயகனின் முன்கோபம். நாற்பது பக்கத்தில் மனம் மாறிவிடுகிறது, சுபம்! சாதி என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சேரி எங்கே, ஊர்த்தெரு எங்கே என்று அந்த நாவல்களின் ஊரிலே எவரும் கேட்பதில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கும் பையனுக்கும் அப்படியோர் ஊர் எங்கே இருக்கிறது?

கேட்கிற ஊரை எழுதிக் காட்டியவர் பெருமாள்முருகன். 2013-இல் வெளிவந்த 'பூக்குழி' என்ற நாவல். குமரேசன் சோடாக் கடையிலே வேலை பார்க்கும் தொழிலாளி. நகரத்திலே சரோஜாவைக் காண்கிறான், விரும்புகிறான், மணந்து தன் கிராமத்துக்கு அழைத்து வருகிறான். கணவனை நம்பி, தெரியாத ஊரின் பாறையும் வெயிலும் பார்த்துத் திகைத்து நிற்கிறாள் அந்தப் பெண். ஊர் அவளிடம் கேட்பது ஒரே கேள்வி: என்ன சாதி? நாவல் முழுதும் அவள் சாதியின் பெயரை ஆசிரியர் சொல்லவே இல்லை. படிக்கிற நாமும் உள்ளூர அதையே தேடுகிறோம் அல்லவா, அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்! முடிவிலே, அவன் ஊரில் இல்லாத நேரம், அவள் ஒளிந்துகொண்ட புதருக்குத் தீ. வைப்பவர் அயலூர்ப் பகைவரா? இல்லை. அவன் சுற்றத்தார், ஊரார். பெற்ற தாயும் அதிலே உண்டு.

அந்நூலை ஆசிரியர் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கினார். மறந்துவிட்டோமா? வேறு சாதிப் பெண்ணை மணந்த இளைஞர் அவர். அந்த மணத்தை ஒட்டி 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தின் ஓரம் அவர் உடல் கிடந்தது. நாவலைப் படித்தா அந்த வீடுகளைக் கொளுத்தினார்கள்? தீ வைத்த கைகளில் எத்தனை கை காதல் நாவலைப் புரட்டிய கை?

ஆகவே, திண்ணைத் தோழரே, பரணில் ஏறிய புத்தகத்தை இறக்குங்கள். இறக்கி, நீங்கள் படியுங்கள். மகள் எந்த இடத்திலே அழுதாள் என்று பாருங்கள். இரண்டு பேரும் படித்த கதையைப் பற்றி இரண்டு பேரும் சோற்றுத் தட்டின் முன்னே பேசலாம்; "அவன் செய்தது சரியா அப்பா?" என்று அவள் கேட்கலாம். வேறொரு நாள், கதையில் இல்லாத ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டிய நிலை அவளுக்கு வந்தால், பேருந்து ஏறுவதற்கு முன்னால் உங்களிடம் வருவாள். பேசிப் பழகாத வீட்டிலே அவள் எப்படி வாயைத் திறப்பாள்? சங்கத்திலே நூறு பேர் குறை கேட்கிறீர். வீட்டிலே ஒருத்தி குறை கேட்க நேரமில்லையா?

'பூக்குழி'யை விலை கொடுத்துத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். கிளை நூலகம் நம் காசு. அங்கே கேளுங்கள், இல்லையென்றால் வாங்கி வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். பெரம்பலூர்ப் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர் கையோடு வாங்கி வரலாம். வந்ததும் முதலில் படிப்பது அப்பனா மகளா என்று வீட்டிலே ஒரு சண்டை வரட்டும்!