ஒற்றைக் கொசைன் போதாது

கடலுக்கடியில் எழும் மெல்லிய ஓசையைக் கண்ணாடி இழையால் உணரலாம் என்று காட்டும் ஆய்வுகள் 1977-இல் வெளிவந்தன. இன்று அமெரிக்காவின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒளியிழை ஹைட்ரோஃபோன்கள் (நீரடி ஓசையுணரிகள்) வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இழையின் நுட்பத்தையே புகழ்கிறார்கள். ஆனால் பெரும்பங்கு பாராட்டு, வந்து சேரும் ஒளியிலிருந்து ஓசையைப் பிரித்தெடுக்கும் பண்பிறக்க முறைகளுக்கே உரியது என்பேன். இந்த ஹைட்ரோஃபோனில் லேசர் ஒளி இரண்டாகப் பிரிந்து இரு இழைகளில் ஓடுகிறது. ஒன்றின்மேல் மட்டும் ஓசையின் அழுத்தம் படுகிறது. இரண்டும் மீண்டும் சேரும்போது, அவற்றுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டைப் பொறுத்து வெளிச்சம் கூடும் அல்லது குறையும். நமக்குத் தேவை அந்தக் கட்டம்; ஒளியுணரிக்குக் கிடைப்பதோ அதன் கொசைன் மட்டுமே. சுற்றும் ராட்டினத்தில் ஒரு பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது. உச்சியில் இருக்கும்போது ராட்டினம் சற்று நகர்ந்தாலும் உயரம் மாறியதே தெரியாது. இழையிலும் இதுதான் நிகழ்கிறது. ஒரு மீட்டர் இழையின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே கட்டம் பல முழுச் சுற்றுகள் சுற்றிவிடும். அதனால் இப்போது தெளிவாகக் கேட்ட அதே ஓசை, சற்று நேரத்தில் காணாமல் போகும்.

கொசைனோடு சைனும் கிடைத்தால் இந்தக் குழப்பம் தீரும். 1982-இல் டான்ட்ரிட்ஜ், ட்வெட்டன், ஜியாலொரென்சி மூவரும் வெளியிட்ட வழி அழகானது. இரு இழைகளின் நீளத்தில் சிறு வேறுபாடு வைத்து, லேசரின் அதிர்வெண்ணைச் சீராக ஆட்டினால், வெளிவரும் சைகையில் அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணும் அதன் இருமடங்கும் தோன்றும். முன்னதில் சைனும் பின்னதில் கொசைனும் இருக்கும். மும்முனை இணைப்பான் வழியாக 120 பாகை இடைவெளியில் மூன்று சைகைகளைப் பெற்றாலும் இதே பலன் கிடைக்கும்.

இழை சுற்றப்பட்ட பீசோ உருளையை மின்னழுத்தத்தால் விரித்துச் சுருக்கி, கட்டத்தை எப்போதும் உணர்திறன் மிகுந்த இடத்திலேயே நிறுத்திவைக்கலாமே என்று கேட்கலாம். ஆய்வகத்தில் அது நன்றாகவே இயங்கும். கடலிலோ உணரிவரை மின்சாரம் கொண்டுபோக வேண்டும். உருளை தன் எல்லையைத் தொட்டதும் மீட்டமைக்க வேண்டும். அந்தக் கணத்துச் சைகை போய்விடும். சைனும் கொசைனும் கிடைத்துவிட்டால் கோணம் காண்பது கணினிக்கு எளிய வேலைதானே என்பதும் பாதி உண்மையே. கணினி சொல்வது ஒரு சுற்றுக்குள் இருக்கும் கோணத்தை மட்டுமே. இரண்டு மாதிரிகளுக்கு இடையில் கட்டம் அரைச் சுற்றைத் தாண்டிவிட்டால் சுற்றுகளின் எண்ணிக்கை பிசகும். பிசகியது வெளியே தெரியவும் தெரியாது. லேசரை ஆட்டும் முறையில், அந்த ஆட்டத்தால் கட்டம் ஊசலாடும் வீச்சு 2.63 ரேடியனிலிருந்து விலகினால், சைனும் கொசைனும் சமமாக வராமல் விடையே கோணலாகும். நான் முழுதாக ஏற்கும் மறுப்பு ஒன்று உண்டு: இரு ஒளிகளின் முனைவாக்கத் திசைகள் செங்குத்தாகிவிட்டால் குறுக்கீடே நிகழாது, அப்போது எந்தப் பண்பிறக்கமும் உதவாது. அதைத் தவிர்க்க, முனைவாக்கத்தைச் சுழற்றி ஒளியைத் திருப்பியனுப்பும் ஃபாரடே சுழற்சி ஆடிகளை இழைமுனைகளில் பொருத்துகிறார்கள். அவை குறுக்கீட்டைக் காப்பாற்றித் தருகின்றன. ஆனால் அந்த ஒளியிலும் கட்டம் கொசைனுக்குள்தான் மறைந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வேலை பண்பிறக்கத்துக்கே மிஞ்சுகிறது.