புறமலையும் புதிய சறுக்குநரும்

மேலைநாட்டார் பனிக்காலத்தில் ஆடும் விளையாட்டுகளுள் தலையாயது ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்கு. ஆல்ப்ஸ் மலையிலும் அமெரிக்க ராக்கி மலையிலும் இதற்கென அமைந்த இடங்கள் பல உள. அங்கே கம்பிவழி ஊர்தி ஆட்களை மேலேற்றும். சறுக்குபாதை சமன் செய்யப்பட்டிருக்கும். சரியக்கூடிய பனியைக் காவலர் வைகறையிலேயே வெடி வைத்துச் சரித்துவிடுவர். அவ்வெல்லையைக் கடந்தாலோ இவற்றுள் ஒன்றுமில்லை. சறுக்குகட்டையின் அடியில் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு தன் காலாலேயே ஏறி, தடம் பதியாத பனியில் இறங்கவேண்டும். இவ்விடத்தை ஈண்டுப் புறமலை என வழங்குவோம். பழக்கமில்லாதார் அங்கே செல்லலாமோ என்பது அந்நாட்டு மலையேறிகளிடையே ஓயாத வழக்காகும்.

வழக்கின் வேர் பனிச்சரிவில் உள்ளது. பனி ஒரே நாளிற் பெய்து கிடப்பதன்று, அடுக்கடுக்காய்ப் படிவது. அடியில் மணல்போல ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள் ஓரடுக்காய்க் கிடக்க, அதன்மேற் காற்று வாரிக் குவித்த கெட்டிப் பாளம் அமைதல் உண்டு. 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவன் கால்வைத்தவுடன் அம்மெல்லடுக்கு உடைகின்றது. உடைப்பு இமைப்பொழுதிற் பரவிப் பாளம் முழுவதும் அவனோடு கீழே இறங்குகின்றது. உயிர்ச்சேதம் விளைத்த சரிவுகளுட் பெரும்பாலானவை தாமாக நேர்ந்தவை அல்ல. மாண்டவரோ அவருடன் சென்றவரோ கிளப்பியவையே.

புதைந்தவனைப் 10 அல்லது 15 நிமிடத்துள் தோண்டியெடுப்பின் பெரும்பாலும் பிழைப்பான். அரைமணி கழியின் நம்பிக்கை மிகவும் குன்றிவிடும். அவ்வளவு விரைவில் ஊரிலிருந்து எப்படை வந்து சேரும்? உடன் வந்தவரே மீட்புப்படை. ஆகலின் ஒவ்வொருவரும் வானொலி அலைக்குறி அனுப்பும் சிறு கருவி, நீண்ட துழாவுகோல், மண்வெட்டி இம்மூன்றையும் சுமப்பதோடு, அவற்றை நடுங்காமற் கையாளவும் அறிந்திருத்தல் வேண்டும். புதியவனைப் பார்த்து மூத்தோர் முகஞ்சுளிப்பதன் நியாயம் இதுவே. அவன் தன்னுயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. தான் புதையும்போது தன்னைத் தோண்டவேண்டிய கை அறியாத கையாய் இருத்தலை யார்தான் விரும்புவர்?

எனினும் ‘புதியவன்’ என்னுஞ் சொல்லில் இருவர் ஒளிந்திருக்கின்றனர். ஒருவன் சறுக்கவே நன்கறியான். அடிக்கடி விழுவான், விழுதல் பனியடுக்கை மிகுதியாய் அழுத்தும், களைத்துப்போவான், குழு அவனுக்காகக் காத்துப் பொழுது சாயும். மற்றவன் விளையாட்டிடத்திற் செங்குத்தான பாதைகளையெல்லாம் பறவைபோல இறங்கியவன். பனியைப் பற்றி ஒன்றும் அறியாதவன். எம் கருத்தில் அஞ்சத்தக்கவன் பின்னவனே. அவன் கால்வன்மை, அறிவு செல்லாத இடத்திற்கு அவனைக் கொண்டுபோய் விடுகின்றது.

மூத்தோர் மட்டும் பிழையற்றவரோ? ஈயன் மக்கம்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 715 விபத்துகளை ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், பழகிய இடங்களில் நல்ல பயிற்சியுடையாரும் பயிற்சி குறைந்தாரைப் போன்றே அபாயத்துட் புகுந்தமையைக் காட்டினார். 2012 பிப்ரவரி 19-இல் வாஷிங்டன் மாகாணத்து டன்னல் கிரீக் சரிவில் மூவர் மாண்டனர். அக்குழுவிற் பதினைவர்க்கு மேற்பட்டோர் இருந்தனர், பலர் கைதேர்ந்தவர். குழு மிகப் பெரிதென்று சிலர் உள்ளூர ஐயுற்றும், அத்தனை வல்லுநர் நடுவே வாய் திறந்திலர். குறை கூறலும் கேட்டலும் வழக்கத்தில் இல்லாத இடத்தில் அறிவு இருந்தும் பயன்படவில்லை.

இனி, கடிந்துரைக்கப்பட்ட புதியவன் செய்யத்தக்கது யாது? சொல்லின் சூட்டை ஒருபுறம் ஒதுக்கிப் பொருளை எடுத்துக்கொள்ளல் வேண்டும். “உனக்கு இங்கே என்ன வேலை?” என்பதில் ஏசலும் உண்டு, செய்தியும் உண்டு. “எந்தச் சாய்வை அபாயமென்கின்றீர்? எக்குறியைக் கண்டீர்? என்னிடத்தில் நீர் இருப்பின் எங்கே திரும்பியிருப்பீர்?” என்று வினவின், ஏசுபவர் பொருளில்லாதவராயின் அடங்குவர், பொருளுடையாராயின் ஆசிரியராவர். கடிவோரும் கருதவேண்டுவது ஒன்றுண்டு. நகைக்கப்பட்டவன் அடுத்த முறை மலையை விடமாட்டான். மயிரிழையிற் தப்பியதைச் சொல்வதைத்தான் விடுவான். அங்ஙனம் மறைக்கப்பட்ட செய்தி எவர்க்கும் உதவாது. கொலராடோ பனிச்சரிவுச் செய்தி நிலையத்தார் உயிர்ச்சேத அறிக்கைகளில் ஆட்களைப் பெயரிடாது, முதற் சறுக்குநர், இரண்டாஞ் சறுக்குநர் என்றே குறித்து, நடந்ததை அளந்து எழுதுகின்றனர். பழி தூற்றாது குற்றம் காட்டுதற்கு இதனினும் நல்ல முறையை யாம் கண்டிலோம்.

ஆகவே புதியவர்க்குப் புறமலையின் வாயில் அடைபடவேண்டுவதில்லை. ஆனால் எந்த வாயில் என்பது முக்கியம். 30 பாகைக்குக் குறைந்து, மேலே செங்குத்தான சரிவு தொங்காத இடங்கள் ஏராளமாய் உள; அங்கே மெல்லடுக்கு இருப்பினும் பாளம் இறங்குதல் அரிது. அன்றைய அபாய அறிவிப்பைப் படித்து, புதைத்த கருவியைத் தேடிப் பழகி, மூவர் நால்வராய்ச் செல்லின் முதலாண்டிலேயே நிறையக் கற்கலாம். சாய்வின் விளிம்பில் நின்று தீர்மானிக்கும்போது அனுபவம் மிகக் குறைந்தவனையே முதலிற் பேசவிடுதல் நன்று. மூத்தவர் வாய் திறந்தபின் அவன் பேசான். எவரேனும் ஒருவர் “திரும்புவோம்” என்றால் வாதமின்றித் திரும்புவதென்று புறப்படுமுன்னரே உடன்பட்டுச் செல்லும் குழுக்களும் உள. புதியவன் நாடிச் சேரவேண்டியது அத்தகைய குழுவையே.