துருக்கி: அரசின் கைக்குள் பள்ளிவாசல்

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் மதச்சார்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நெடுங்காலம் பேசப்பட்டுவரும் நாடு துருக்கி. ஆனால் அரசும் மதமும் ஒன்றில் ஒன்று தலையிடாமல் விலகி நிற்கும் ஏற்பாடு அங்கு ஒருபோதும் இருந்ததில்லை. மதத்தை அரசு தன் நிர்வாகத்துக்குள் அடக்கி வைத்திருப்பதே துருக்கியின் மதச்சார்பின்மையாக இருந்துவந்துள்ளது.

1924 மார்ச் 3 அன்று முஸ்தபா கமாலின் தலைமையிலான குடியரசின் நாடாளுமன்றம், முஸ்லிம் உலகின் தலைமைப் பதவியாகக் கருதப்பட்ட கலீபா பதவியை ஒழித்தது. அப்பதவியைக் காக்க இந்தியாவில் காந்தியும் அலி சகோதரர்களும் முன்னின்று நடத்திய கிலாபத் இயக்கம் அத்துடன் நோக்கமிழந்தது. அதே நாளில், ஷரீஅத் அமைச்சகம் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் பிரதமரின் கீழ் மத விவகாரத் தலைமையகம் உருவாக்கப்பட்டது. 'தியானத்' எனப்படும் இந்த அமைப்பே பள்ளிவாசல்களை நிர்வகிக்கிறது. இமாம்கள் அரசு ஊதியம் பெறுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின்போது நிகழ்த்தப்படும் குத்பா உரையும் இங்கிருந்தே தயாராகிச் செல்கிறது. ஒஸ்மானியச் சுல்தான்கள் தலைமை மார்க்க அறிஞரைத் தாமே நியமித்த வழக்கத்தைப் பார்த்தால், பழைய அரசைத் தூக்கியெறிந்த குடியரசு அதன் பழக்கத்தை மட்டும் விடவில்லை எனலாம்.

1925இல் சூஃபி மடங்கள் மூடப்பட்டன. 1926இல் சுவிட்சர்லாந்துச் சட்டத்தைத் தழுவிய குடிமைச் சட்டம் வந்தது. 1928இல் இஸ்லாம் அரசு மதம் என்ற வாசகம் நீக்கப்பட்டு, 1937இல் மதச்சார்பின்மை அரசமைப்பில் சேர்ந்தது. இவற்றைவிட மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்டது பாங்குதான். 1932 முதல் தொழுகைக்கான அழைப்பைத் துருக்கி மொழியில் சொல்லவேண்டும் என்றாயிற்று. 'அல்லாஹு அக்பர்' ஒலித்த மினாராக்களிலிருந்து 'தான்ரி உலுதூர்' ஒலித்தது. 1941இல் அரபியில் பாங்கு சொல்வது தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கப்பட்டது. 1950இல் தேர்தலில் வென்ற அத்னான் மெந்தெரஸின் அரசு, பதவியேற்ற சில வாரங்களிலேயே இத்தடையை நீக்கியது. இறைவனை எந்த மொழியில் அழைப்பது என்பதைக்கூட அரசு தீர்மானித்த இந்தப் பதினெட்டு ஆண்டுகளை மதச்சார்பின்மை என்று அழைப்பது கடினம்.

மதச்சார்பின்மையின் காவலர்களாகத் தம்மைக் கருதிக்கொண்டு அப்போது ஆட்சியைக் கைப்பற்றியிருந்த இராணுவத்தினரே 1982 அரசமைப்பின் வழியாகப் பள்ளிகளில் மதக் கல்வியைக் கட்டாயமாக்கினார்கள் என்பதும் இத்துடன் சேர்த்துக் கவனிக்கத்தக்கது. இடதுசாரிகளைக் கட்டுப்படுத்த மதம் அவர்களுக்குப் பயன்படும் கருவியாகத் தோன்றியது. பல்கலைக்கழகத்தில் முக்காடு அணிந்த மாணவியோ அவர்களுக்கு ஆபத்தாகத் தெரிந்தார்; முக்காட்டுக்குத் தடைகள் வந்தன.

2002இல் ஆட்சிக்கு வந்த எர்தோவானின் கட்சி, அந்த முக்காட்டுத் தடைகளைப் படிப்படியாக நீக்கியது. தியானத்தை மட்டும் கலைக்கவில்லை, மேலும் வளர்த்தது. 2016 ஜூலையில் இராணுவத்தின் ஒரு பிரிவு ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற இரவில், தியானத்தின் அறிவுறுத்தலின்படி நாடெங்கும் மினாராக்களிலிருந்து, நபியை வாழ்த்தும் சலவாத்து முழங்கி மக்களைத் தெருவுக்கு அழைத்தது. மதவாதிகளைக் கட்டுப்படுத்த நிறுவப்பட்ட அமைப்பு, மதப்பற்றுள்ள ஓர் ஆட்சியைக் காப்பதற்கு அதே ஒழுங்குடன் உழைத்தது.

இரு காலங்களிலும் வெளியே நிற்பவர்கள் அலெவிகள். சுன்னிகளிலிருந்து வேறுபட்ட வழிபாட்டு முறையைக் கொண்ட இவர்கள் கூடி வழிபடும் 'ஜெம்' இல்லங்களுக்குப் பள்ளிவாசல்களுக்கு உள்ள சட்டத் தகுதி கிடைக்கவில்லை. அவர்களுடைய மதச் சுதந்திரத்தைத் துருக்கி மீறியுள்ளதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. தியானத் மதச்சார்பின்மைக் கொள்கைக்கு இணங்கவே செயல்பட வேண்டும் என்று கூறும் அரசமைப்பின் 136ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.