ஏழு வெட்டு

சான் ரமோனில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம், அட்டைப் பெட்டிகளையெல்லாம் தட்டையாக்கி மறுசுழற்சித் தொட்டியில் போட வேண்டும். எங்கள் வீட்டில் அது மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் வேலை. போன வாரம் அவள் கையில் ஒரு காலி டிஷ்யூ பெட்டி கிடைத்தது. எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. மிதித்து நசுக்காமல், கத்தரிக்கோலை எடுத்து விளிம்பு விளிம்பாக வெட்டினாள். கடைசி வெட்டில் பெட்டி பொத்தென்று தரையில் விரிந்தது.

"அப்பா, ஏழு வெட்டு வெட்டினேன்."

அடுத்த பெட்டியை வேறு விதமாக வெட்டச் சொன்னேன். வேறு உருவம்தான் விரிந்தது. ஆனால் வெட்டு? அதே ஏழு.

இப்படி விரித்த உருவத்துக்குக் கணக்கில் 'வலை' என்று பெயர். மீன் பிடிக்கும் வலை இல்லை. மடித்தால் முழுப் பொருளாக எழுந்து நிற்கும் தட்டை உருவம். அந்தப் பெட்டி போன்ற கனசதுரத்துக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை. எப்படி வெட்டினாலும் ஏழுதான் வருகிறது, ஏன்?

வெட்டியதை விடுங்கள், வெட்டாததை எண்ணுங்கள். ஆறு சதுர அட்டைகளைத் தரையில் தனித்தனியாகப் போடுங்கள். முதல் சதுரத்தோடு இரண்டாவதை ஒட்ட ஒரு டேப் வேண்டும். மூன்றாவதுக்கு இன்னொன்று. ஆறும் ஒரே துண்டாகச் சேர மொத்தம் ஐந்து டேப் போதும். கதவுக்குக் கீல் மாதிரி, வலையில் முகங்களைப் பிடித்திருப்பவை அந்த ஐந்து விளிம்புகள்தான். ஒன்றைக் குறைத்தால் ஒரு முகமாவது கழன்று விழும். ஒன்றைக் கூட்டி ஆறாக விட்டால், எங்கோ ஒரு வளையம் மூடிக்கொண்டு பெட்டி தரையில் படியாமல் முரண்டு பிடிக்கும். ஆகவே 12 விளிம்பில் 5 கீல் போனால் வெட்டுவது 7.

இனி நீங்கள் செய்து பாருங்கள். ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து 35 உருவங்கள் அமைக்கலாம் (திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாக வருவதை ஒன்றென்றே எண்ண வேண்டும்). அவற்றில் கனசதுரமாக மடிவது 11 மட்டுமே. மற்றவை ஏன் தோற்கின்றன என்று பார்ப்பதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஐந்து சதுரம் ஒரே வரிசையில் வந்தால், நான்கு சதுரங்கள் சுற்றி முடித்துவிடும். ஐந்தாவது போய் முதல் சதுரத்தின் மேலேயே உட்காரும். நான்கு சதுரம் கட்டமாக ஒரே புள்ளியில் கூடினாலும் உதவாது. பெட்டியின் மூலையைத் தொட்டுப் பாருங்கள்: அங்கே மூன்று சதுரங்கள்தான் கூடுகின்றன.

இதே கணக்கு வேறு வடிவங்களுக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்து ஊரான டப்ளினில் பார்ட் ரயில் ஏறினால் சான் பிரான்சிஸ்கோ போகலாம். அங்கே 1972ல் கட்டி முடித்த டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடு, 260 மீட்டர் உயரம். பக்கவாட்டில் இருக்கும் இறக்கைகளை மறந்துவிட்டால், ஒரு சதுரமும் நான்கு ஒல்லி முக்கோணங்களும்தான். 5 முகம், 8 விளிம்பு. கீல் நான்கு, வெட்டு நான்கு. உச்சியிலிருந்து இறங்கும் நான்கு விளிம்புகளையும் வெட்டினால் நட்சத்திரமாக விரியும்.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பழைய தாளைச் சுருட்டிக் கடலை போட்டுப் பேத்தியிடம் நீட்டினார்.

"பாட்டி, இது கோன்!"

"கோனோ என்னவோ, எங்க ஊர்ல இது பொட்டலம்டி கண்ணு."

கூம்புக்கும் வலை உண்டு. அரைவட்டத் தாளின் நேர் ஓரத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுங்கள். கூம்பின் வாய் அகலமும் நுனியிலிருந்து வாய் விளிம்பு வரையுள்ள சாய்வு நீளமும் சமமாக வரும். அளந்து பாருங்கள்.

அளவுகோலே இல்லாமல் ஒரு வலை செய்யலாமா? செய்யலாம். சதுரத் தாளைப் பாதியாக மடித்து, மேலிருந்து கீழாக நடுக்கோடு போடுங்கள். கீழ் மூலை ஒன்றைத் தூக்கி, அடுத்த கீழ் மூலையைப் பிடித்தபடியே, நடுக்கோட்டின் மேல் படியவையுங்கள். அது படியும் புள்ளியும் இரண்டு கீழ் மூலைகளும் சமபக்க முக்கோணம். 1893ல் சென்னையில் சுந்தரராவ் என்பவர் காகித மடிப்பாலேயே வடிவியல் கற்பிக்கும் புத்தகம் வெளியிட்டார். முதல் அத்தியாயம் சதுரம், இரண்டாவது சமபக்க முக்கோணம். ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். முக்கோணத்தை வெட்டியெடுத்து, ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்கத்தின் நடுவில் தொடும்படி மடித்து விடுங்கள். மூன்று இறக்கைகளையும் தூக்கினால் உச்சியில் கூடும். அதுதான் நான்முகி: 6 விளிம்பு, 3 கீல், 3 வெட்டு.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525லேயே தம் புத்தகத்தில் இப்படிப்பட்ட வலைகளை வரைந்து வைத்தார். அதற்குப் பின் 450 ஆண்டு கழித்து, 1975ல், ஜெஃப்ரி ஷெப்பர்ட் என்ற கணித அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். சில வடிவங்களைத் தவறான விளிம்பில் வெட்டினால், விரிக்கும்போது ஒரு முகம் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். தட்டை முகங்களால் ஆன, குழிவில்லாத எந்த வடிவத்தையும், விளிம்புகளில் மட்டும் வெட்டி, அப்படி ஏறாமல் ஒரே துண்டாக விரிக்க ஒரு வழியாவது இருக்குமா? உண்டு என்று நிரூபித்தவர் இன்றுவரை இல்லை. அப்படி விரிக்கவே முடியாத ஒரு வடிவத்தைக் காட்டியவரும் இல்லை.

என் மகளின் மேசையில் இப்போது மூன்று முனைகளைச் சீவிய ஒரு கனசதுரம் இருக்கிறது. முகங்களைத் தனித்தனியாக வெட்டி டேப் ஒட்டிச் செய்தது. 9 முகம், 21 விளிம்பு. கீல் 8 போக வெட்டு 13 என்று மேலேயே எழுதி வைத்திருக்கிறாள். எந்தப் பதின்மூன்று என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.